ஜமுனா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன்

ஆகஸ்ட் 3, திங்கள்

இன்று தொடங்கி நாற்பத்தெட்டு நாள். கோயிலுக்கு மாலை போடுகிறவர்கள் ஒரு மண்டலம் விரதம் இருப்பார்களே, அதே கணக்கு. அவர்கள் கறி மீனை விடுவார்கள். நான் ஒரு பேரை விடுகிறேன். யார் ‘ஜமுனா’ என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன், பதில் சொல்ல மாட்டேன், செல்ஃபிக்கு நிற்க மாட்டேன்.

‘ஜவ்வுமிட்டாய் ஜமுனா.’ பன்னிரண்டு வருஷம் சுமந்தாயிற்று. ரோஸ் கலர் கவுன், ரெட்டைச் சடை, ரிப்பன், இடுப்பில் ஜிகினா பெல்ட். பத்தொன்பது வயசில் அது அழகாக இருந்திருக்கலாம். எனக்கு இப்போது முப்பத்தொன்று. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மேடையேறி, குச்சியில் சுற்றிய மிட்டாயை ஆட்டி ஆட்டி ‘இழு இழு’ என்று பாடுகிறேன். முன்வரிசையில் பேரன் பேத்தி எடுத்த ஆள்கள் ‘ஏ ஜவ்வு’ என்று கத்துகிறார்கள். இணையத்தில் ஒன்பது கோடி தடவை பார்க்கப்பட்ட பாட்டு அது. அதற்கப்புறம் நான் எதைப் பாடினாலும் நடுவில் அதைத்தான் கேட்கிறார்கள். போதும்.

செப்டம்பர் 20, ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணி. வடபழனியில் நூற்றைம்பது நாற்காலி போட்ட ஒரு சின்ன அரங்கு. நானே எழுதி நானே மெட்டுப் போட்ட எட்டுப் பாட்டு. பேர்: பேச்சி. அம்மாவும் அப்பாவும் வைத்த பேச்சியம்மாளில் பாதி. அதுவரை ஜமுனாவை என் உடம்பிலிருந்து முழுக்கக் கழற்றிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த விரதம்.

“பேர மாத்துனா ஆளு மாறிருமா தாயி?” என்று பீட்டர் அண்ணன் கேட்டார். மதுரைக் குழுவில் எனக்குக் கீபோர்டு வாசித்தவர், குழுவை விட்டு என்னோடு சென்னைக்கு வந்தவர். மாறும். மாற்றிக் காட்டுகிறேன்.

இந்த நோட்டு நிவேதன் வாங்கித் தந்தது. கச்சேரி ஏற்பாடு, விளம்பரம் எல்லாம் அவன்தான். தினமும் எழுதுங்க, அப்புறம் அதிலிருந்து எடுத்துப் போடலாம் என்றான். எழுதுகிறேன். அவனிடம் காட்டுவதாக இல்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

பால்காரர் “ஜமுனாம்மா” என்றார். நான் மாடிப்படியில்தான் நின்றேன். திரும்பவில்லை. பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார். பூனை கிழித்துவிட்டது. காபி இல்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

அம்மாவிடம் இன்றுதான் பேரைச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“பேச்சியா? ஏன்டி, பள்ளிக்கூடத்துல அந்தப் பேரச் சொல்லிக் கேலி பண்றாகன்னு நீதான அழுத. இப்ப ஊர்ல ஆட்டுக்குட்டிக்குக்கூட அந்தப் பேரு வைக்கிறதில்ல.”

“நீதானம்மா வச்ச.”

“குலசாமிக்கு நேந்துக்கிட்டு வச்சேன். மேடைக்கா வச்சேன்? சாமி பேர வச்சுக்கிட்டு நாலு பேரு முன்னாடி ஆடுவியா?”

“ஆட மாட்டேன். ஒக்காந்து பாடுவேன்.”

“ஒக்காந்து பாடுனா யாரு வருவா?”

கேட்டுவிட்டு மறுபடியும் கீரையை எடுத்தாள். நியாயமான கேள்விதான். அதற்காக எரிச்சல் வராமல் இருக்குமா? குழம்புக்கு உப்புப் போட மறந்தேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நிவேதன் போஸ்டர் கொண்டுவந்தான். கருப்புப் பின்னணி, நான் காட்டன் புடவையில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், மேலே பெரிய எழுத்தில் ‘பேச்சி’. எனக்கே என்னைப் பிடித்திருந்தது. அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், முன்னாள் ஜவ்வுமிட்டாய் ஜமுனா.

“இது என்னடா? முன்னாள் எம்.எல்.ஏ. மாதிரி?”

“இல்லக்கா, சின்னதாதானே இருக்கு. பேச்சின்னு மட்டும் போட்டா யாருன்னு எவனுக்குத் தெரியும்? கதைசொல்லி நிகழ்ச்சின்னு நெனச்சுப்பாங்க.”

“நெனச்சுக்கட்டும். அழி.”

“அக்கா, அந்தப் பேருக்கு ஒரு மதிப்பு இருக்கு. அத வச்சுத்தான் இத விக்கணும்.”

“அத விக்கிறதுக்கு நீ எதுக்கு? அழி.”

கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டேன். ஜமுனா பேரில் எனக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஆறு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். கச்சேரி டிக்கெட் அறிவிப்பை அங்கே போடலாம். அது விரதத்தை முறிப்பதாகாது. வீடு மாறுகிறவர்கள் பழைய கதவில் புது விலாசம் ஒட்டிவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி.

ஆகஸ்ட் 13, வியாழன்

இனி ஜமுனாவாகப் பாட மாட்டேன் என்று சவுந்தரபாண்டி அண்ணனிடம் சொல்லவேண்டியிருந்தது. மதுரையில் இன்னிசைக் குழு நடத்துகிறவர். என்னைப் பத்தொன்பது வயசில் எடுத்து, ஜமுனா என்று பேர் வைத்து மேடையேற்றியவர். சாபம் விடுவார், அழுவார், வக்கீல் நோட்டீஸ் என்பார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் பண்ணிக்கொண்டுதான் போன் போட்டேன்.

“நல்லாரு தாயி. பெரிய எடத்துக்குப் போற. ஒண்ணே ஒண்ணு, அந்தக் கவுனையும் பெல்ட்டையும் பஸ்ஸுல போட்டு விட்ரு.”

“எதுக்குண்ணே?”

“குழுவோட சாமானுல்ல அது.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார். எனக்கு ஏமாற்றம் என்று எழுதமாட்டேன். நிம்மதி.

ஆகஸ்ட் 14, வெள்ளி

கோயம்பேட்டில் மதுரை பஸ்ஸில் பார்சல் போட்டேன். கவுன் மூன்று தடவை மாறியிருக்கிறது. பெல்ட் மட்டும் முதலிலிருந்து அதேதான். கொக்கி மாட்டும் இடத்தில் இரண்டு ஓட்டை. உள்பக்கம் இருப்பது நான் சேர்ந்தபோது எனக்காகக் குத்தியது. நான் அப்போது ஒல்லி.

ஆகஸ்ட் 20, வியாழன்

பேச்சியின் முதல் பாட்டு ‘ஜன்னல் சீட்டு’ வெளியாகி மூன்று நாள். இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் நானும் அம்மாவும் பீட்டர் அண்ணனும் ஒரு நூறு தேறும்.

கீழே ஒருத்தன் எழுதியிருக்கிறான், குரல் நம்ம ஜவ்வு மாதிரியே இருக்கே என்று. அவனுக்கு இன்னொருத்தன் பதில்: சேச்சே, அவ வேற, இவ வேற. இரண்டாவது ஆளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். இந்தப் பாடெல்லாம் இதற்குத்தானே.

பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு என்கிறார், நான்கு நாளாக.

ஆகஸ்ட் 24, திங்கள்

பீட்டர் அண்ணன் ஒன்றும் எழுதாமல் ஒரு வீடியோ அனுப்பினார். மேலூர் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. பின்னால் பேனரில் ‘ஜவ்வுமிட்டாய் ஜமுனா நேரில்’. மேடையில் ஒரு சின்னப்பெண், இருபது வயசிருக்கும். என் பாட்டு. இடுப்பில் என் பெல்ட். கவுன் போடவில்லை, கருப்புப் பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டு, அதன்மேல் பெல்ட்டைக் கட்டியிருக்கிறாள். நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

சுமாராகத்தான் பாடுகிறாள். பதினோரு தடவை பார்த்தேன், எங்கே சுருதி விடுகிறாள் என்று கண்டுபிடிக்க. பன்னிரண்டாவது தடவை அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

“என்னண்ணே இது அநியாயம்?”

“என்ன அநியாயம்?” சவுந்தரபாண்டி அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். “நீ விட்டுட்டுப் போயிட்ட. எடம் காலி. ஆளப் போட்டேன். டிரைவரு மாறுனா பஸ்ஸு ரூட்ட மாத்துவானா?”

“அது என் பேருண்ணே.”

“ஒம் பேரு பேச்சின்னுல்ல சொன்ன?”

போனை வைத்துவிட்டேன். நான் உழைத்து உண்டாக்கின பேர் அது. வெயிலில், மழையில், காய்ச்சலில். அதை ஒருத்தி இரண்டு வாரத்துக்குள்ளேயே எடுத்து மாட்டிக்கொள்வாளாம்.

நான் தூக்கிப் போட்டதுதான். தூக்கிப் போட்டால் அது குப்பைக்குப் போகவேண்டும். இன்னொருத்தி இடுப்புக்குப் போகக்கூடாது.

ஆகஸ்ட் 26, புதன்

வீடியோவைப் புகார் செய்ய ஒரு படிவம் இருக்கிறது. ஆள்மாறாட்டம் என்பதை அழுத்தினேன். என் ஜமுனா பக்கத்துக்குள் போய்த்தான் செய்யவேண்டுமாம். செய்தேன். கடைசியில் ஒரு கேள்வி: ஜவ்வுமிட்டாய் ஜமுனா நீங்கள்தானா?

இருபத்து நான்கு நாளாகப் பால்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும், ஒரு டிராஃபிக் போலீஸுக்கும்கூடத் திரும்பாதவள் நான். கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ‘ஆம்’ என்பதைத் தொட்டேன்.

இது விரதத்தில் சேராது. யாரும் கூப்பிடவில்லையே.

ஆகஸ்ட் 29, சனி

வீடியோ காணாமல் போய்விட்டது. ரவா கேசரி கிண்டினேன். எதுக்குடி என்று அம்மா கேட்டாள். சும்மா என்றேன். நெய் கொஞ்சம் அதிகம்.

செப்டம்பர் 1, செவ்வாய்

ஒத்திகை. நான்காவது பாட்டில் எட்டு நிமிஷம் உட்கார்ந்தபடி பாட எனக்கு மூச்சு போதவில்லை. ஆடிக்கொண்டே பாடிப் பழகியவளுக்கு உட்கார்ந்து பாடுவது இவ்வளவு கஷ்டம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் மூச்சுப் பயிற்சி. முடிவு பண்ணியாயிற்று.

டீ குடிக்கும்போது பீட்டர் அண்ணன் சொன்னார், வீடியோ போனதில் பிரச்சினை என்று நினைத்து மூன்று பேர் அந்தப் பெண்ணின் நிகழ்ச்சியை ரத்து பண்ணிவிட்டார்களாம். அருப்புக்கோட்டையில் சனிக்கிழமை ஒரு கடைத் திறப்பு மட்டும் பாக்கி, அதற்கப்புறம் சவுந்தரபாண்டி வேறு ஆள் பார்ப்பார் என்று பேச்சாம்.

“நீ வந்த புதுசுல, மொத ஜமுனா ஒருத்தி இருந்தாள்ல தாயி…” என்று ஆரம்பித்தார்.

“அண்ணே, அந்த மூணாவது பாட்டு ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் மெதுவா வாங்க” என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

செப்டம்பர் 5, சனி

அருப்புக்கோட்டை வந்திருக்கிறேன். சித்தி வீட்டில் மிளகாய்த்தூள் அரைத்து வாங்கிப் போக. சென்னையில் கிடைப்பது காரமே இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான் அந்தச் செல்போன் கடை. காலை பதினோரு மணி. சாமியானா, இரண்டு ஸ்பீக்கர், முதல் ஐம்பது பேருக்கு ஹெட்செட் இலவசம் என்று தட்டி. வழியில்தானே என்று நின்றேன். துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டேன், வெயில் அப்படி.

“இதோ, உங்கள் ஜவ்வுமிட்டாய் ஜமுனா” என்று அறிவிப்பாளர் இழுத்தார். என் வலது கால் ஓரடி முன்னால் போய்விட்டது. முப்பத்து நான்காம் நாள். மனசுக்குச் சொல்லியாயிற்று, காலுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி, தள்ளாதீக என்றாள்.

அவள் வந்தாள். மிட்டாய்க் குச்சி இல்லை. ஆட்டமும் அதிகம் இல்லை. மைக்கைப் பிடித்து, நேராக நின்று, எல்லார் முகத்தையும் பார்த்துப் பாடினாள். நான் மேலே போய்க் கத்துகிற இடத்தில் கீழே இறங்கினாள். எனக்கு அந்த இடம் எப்போதும் தொண்டையைப் பிடிக்கும். இப்படி இறங்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சுமார்தான், ஆனால் அந்த இடம் பரவாயில்லை.

பாதியில் ஒருத்தன், “ஏ ஜவ்வு, கொஞ்சம் நல்லா இழு” என்றான். நானாக இருந்தால் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போயிருப்பேன். பன்னிரண்டு வருஷமும் அதைத்தான் செய்தேன். அவள் கையைத் தூக்கினாள். வாத்தியம் நின்றது.

“அண்ணே, நீங்கதான? முன்னாடி வாங்க. பேரு, தெருப் பேரு சொல்லுங்க. ஒங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு பாட்டுப் போட்ருவோம், நீங்க கேட்டதாச் சொல்லி.”

கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. அவன் ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து போனான். அவள் விட்ட வரியிலிருந்தே தொடங்கினாள்.

முடிந்ததும் பக்கத்து ஜூஸ் கடையில் நின்றேன். தாகம். அவளும் அங்கேதான் வந்தாள்.

“அக்கா, முக்காட எடுங்க. வேர்த்து ஊத்துது. நீங்க வந்தப்பவே பாத்துட்டேன்.”

பேர் சந்தனமாரி. கமுதிக்காரி. இரண்டு சாத்துக்குடி அவளே சொன்னாள். திட்டுவதற்கு ஒன்பது வாக்கியம் வைத்திருந்தேன். ஒன்றுகூட முன்னால் வரவில்லை. கவுன் என்ன ஆச்சு என்றுதான் கேட்டேன்.

“அதப் போட மாட்டேன்னுட்டேன்க்கா. அப்ப வீட்டுக்குப் போன்னாரு. போறேன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். அவரே வண்டிய எடுத்துட்டு வந்து கூப்ட்டாரு.”

“கூப்ட்டாரா?”

“பின்ன? அன்னிக்கு ராத்திரி புரோகிராம் இருக்குல்ல.”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். அவள்மேல் இல்லை.

“ஒனக்குன்னு ஒரு பேரு இருக்கும்போது எதுக்குடி என் பேரு?” என்றேன் ஒருவழியாக.

“எம் பேர எதுக்குக்கா அவங்ககிட்டக் குடுக்கணும்? திட்டுனா ஜமுனாவுக்கு, கேலி பண்ணுனா ஜமுனாவுக்கு. வீட்டுக்கு வந்து குளிச்சா நான் சந்தனமாரி. எங்கம்மா வச்ச பேரு சுத்தமா இருக்கு.” உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். “நீங்கதான் சொந்தப் பேரக் கொண்டுபோய் நடுத்தெருவுல வைக்கிறீங்க. தைரியந்தான்க்கா.”

பாராட்டா, பரிதாபமா, தெரியவில்லை. அப்புறம், “யாரோ புகார் பண்ணி வீடியோவத் தூக்கிட்டாங்கக்கா. மூணு புரோகிராம் போச்சு” என்றாள்.

“யாரு?” என்றேன்.

நடிக்க எனக்கு வராது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வேனிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

மிளகாய்த்தூள் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 7, திங்கள்

நிவேதனிடம் காட்டாத நோட்டுதானே. எழுதிவிடுகிறேன்.

எனக்கு முன்னால் ஒரு ஜமுனா இருந்தார். அவருக்குக் கல்யாணமாகிப் போனபோது காலியான இடத்தில்தான் நான் வந்தேன். கவுனும் பெல்ட்டும் பேரும் அவருடையவை. பாட்டுப் பிரபலமானது என் குரலில், அது நிஜம். ஆனால் பேர் எனக்காக வைத்ததில்லை.

எட்டு வருஷம் முன்னால் விருதுநகர் நிகழ்ச்சிக்கு இடுப்பில் குழந்தையோடு வந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றார். ஒரே ஒரு பாட்டுப் பாடட்டுமா என்று சவுந்தரபாண்டி அண்ணனிடம் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். “நேரமில்லன்னு சொல்லிருங்கண்ணே” என்றேன். நேரம் இருந்தது. ஒரு மணி நேரம் இருந்தது. அவர் நன்றாகப் பாடுவார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னேன்.

அவருடைய நிஜப் பேர் எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

புகாரைத் திரும்பப் பெற அந்தப் படிவத்தில் வழியே இல்லை. இரண்டு மணி நேரம் தேடிவிட்டேன். நிவேதனைக் கேட்டால், அந்த ஜமுனா பக்கத்திலிருந்தே வீடியோவைப் போட்டால்தான் இனி யாரும் தூக்கமுடியாது என்றான். எதுக்குக்கா என்றான். பக்கத்தையே சந்தனமாரிக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னேன்.

“அக்கா, பைத்தியமா ஒங்களுக்கு? கச்சேரிக்கு இன்னும் பன்னெண்டு நாளுதான் இருக்கு. முப்பத்தோரு டிக்கெட்டுதான் போயிருக்கு. அதுல இருபது அந்தப் பக்கம் மூலமா வந்தவங்க.”

“தெரியும்.”

“ஆறு லட்சம் பேருக்கா.”

“அவங்க ஜமுனாவுக்கு வந்தவங்கடா. ஜமுனாகிட்டப் போகட்டும்.”

“ஒங்ககிட்ட எதுவுமே மிச்சமிருக்காதுக்கா, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரத் தவிர” என்றான். குரல் உடைந்திருந்தது, பாவம். அவனும்தான் உழைக்கிறான்.

பீட்டர் அண்ணனிடம் நம்பர் வாங்கி, சந்தனமாரிக்கு ஜமுனா பக்கத்தின் கடவுச்சொல்லை அனுப்பினேன். ‘புகார் பண்ணியது நான்தான்’ என்றும் எழுதினேன். அதை எழுதத்தான் நேரமானது. பதில் வந்தது: ‘தெரியும்க்கா. பாஸ்வேர்ட மாத்திட்டேன், மறுபடி உள்ள வராதீங்க.’

கெட்டிக்காரி. சிரித்துவிட்டேன். அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இரண்டும் நடந்தது, இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 12, சனி

முப்பத்தெட்டு டிக்கெட். நான்காவது பாட்டை இன்று மூச்சு முட்டாமல் பாடி முடித்தேன்.

நான் செய்ய நினைத்ததை அவள் பேரை மாற்றாமலே செய்துவிட்டாள், இது காலையிலிருந்து மண்டைக்குள் ஓடுகிறது. கவுனை மாட்ட மாட்டேன் என்று ஒரு வார்த்தை, மைக்கில் ஒரு பதில். அவ்வளவுதான், ஜமுனா வேறு ஆளாகிவிட்டாள். நானும் அப்போதே செய்திருக்கலாமே. அப்படியென்றால் இந்த விரதம், சென்னை, காட்டன் புடவை எல்லாம் எதற்கு?

ஆனால் திரும்பிப் போகப்போவதில்லை. அந்த எட்டுப் பாட்டும் ஜமுனாவுக்கு எழுதினதில்லை. அவற்றைப் பாட ஒருத்தி வேண்டுமே.

செப்டம்பர் 17, வியாழன்

எழுபத்தொன்று. பதினேழு டிக்கெட் அம்மா விற்றது. எங்கள் அடுக்குமாடியில் வீடு வீடாகப் போய், “எம் மக பேச்சி பாடுறா, வந்து ஒக்காந்துட்டுப் போங்க” என்றிருக்கிறாள். சாமி பேரை மேடைக்குத் தரமாட்டேன் என்றவள். இரண்டாவது மாடி வாத்தியார் வீட்டம்மா என்னிடம் வந்து, “ஏங்க, பேச்சின்னு ஒங்களுக்கு அக்கா ஒருத்தங்க இருக்காங்களா?” என்று கேட்டார்.

ஜமுனா பக்கத்தில் அறிவிப்புப் பார்த்தேன்: ஞாயிறு சாயங்காலம் சிவகாசியில் ஜமுனா நேரில். பிளம்பர் வந்தார். குழாய் சரியாகிவிட்டது.

செப்டம்பர் 19, சனி

நாற்பத்தெட்டாம் நாள். பால்காரர் இன்றைக்கும் “ஜமுனாம்மா” என்றார். திரும்பவில்லை. ஆனால் அவர் தப்பென்ன? “அண்ணே, நான் பேச்சி” என்று நானே போய்ச் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. “அப்படியாம்மா, சரிம்மா” என்றார். அவ்வளவு சுலபம்.

செப்டம்பர் 21, திங்கள், காலை

நேற்று தொண்ணூற்று மூன்று பேர் வந்தார்கள். திரை ஓரமாக நின்று எண்ணினேன். நூற்றைம்பது நாற்காலியில் தொண்ணூற்று மூன்று பேர் என்றால் பார்க்க அப்படியொன்றும் மோசமில்லை.

முதல் பாட்டை அவசரமாகப் பாடிவிட்டேன். இரண்டாவதில் சரியாகிவிட்டது. ‘ஜன்னல் சீட்டு’க்கு ஒரு பெண் கூடவே உதட்டசைத்தாள். இதற்காகச் செத்தாலும் தகும் என்று தோன்றியது. நான்காவது பாட்டை மூச்சு வாங்காமல் முடித்தேன். ஐந்தாவது முடிந்து கைதட்டு ஓய்ந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஜவ்வுமிட்டாய் பாடு.”

இன்னொருத்தன் சேர்ந்துகொண்டான். அப்புறம் நான்கைந்து பேர், தாளம் போட்டுக் கைதட்டினார்கள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், பீட்டர் அண்ணனின் விரல் தானாக அந்தப் பாட்டின் முதல் சுரத்தைத் தொட்டுவிட்டது. கூட்டம் அதைக் கேட்டு ஹோ என்றது. நிவேதன் ஓரத்தில் நின்று, ஒரு தடவை பாடிருங்கக்கா என்று கையெடுத்துக் கும்பிட்டான். முதல் வரிசையில் அம்மா மடியைக் குனிந்து பார்த்தாள்.

பாட ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன்? அந்த ஒரு பாட்டுப் பாடினால் தொண்ணூற்று மூன்று பேரும் எழுந்து ஆடியிருப்பார்கள். அரங்கே என் கையில் வந்திருக்கும். ஐந்து பாட்டுக்கும் வராத சத்தம் அந்த ஒரு சுரத்துக்கு வந்துவிட்டதே.

“அது ஜமுனா பாட்டுங்க” என்றேன்.

“நீதான ஜமுனா?”

“இல்ல. நான் பேச்சி. ஜமுனா இப்ப சிவகாசியில பாடிக்கிட்டு இருக்கா.”

அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

“அந்தப் பாட்ட என்னைவிட அவ நல்லாப் பாடுறா. ஒரு தடவ போய்க் கேளுங்க.”

இத்தனை நாளில் இந்த நோட்டில்கூட அதை எழுதவில்லை. தொண்ணூற்று மூன்று பேர் முன்னால் மைக்கில் சொல்லிவிட்டேன். பீட்டர் அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. ஒருத்தர் எழுந்தார், அவரோடு வந்தவர்கள் எழுந்தார்கள், அப்புறம் நடுவிலிருந்து ஒரு குடும்பம். கதவு சாத்துகிறவரைக்கும் காத்திருந்து எண்ணினேன். பதினோரு பேர்.

எண்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, ஆறாவது பாட்டின் சுருதியைப் பீட்டர் அண்ணனிடம் கேட்டேன்.